போலீஸ் வேலையில் முதல் வருடம்: மனசைப் பார்த்துக்கொள்ள ஒரு வழிகாட்டி

புதிதாகப் போலீஸ் வேலையில் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். நான் 26 வருடம் இந்த வேலையில் இருந்தவன். பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார்கள், சுடக் கற்றுக்கொடுத்தார்கள், சட்டப் பிரிவுகளைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்கும்படி செய்தார்கள். ஒரு சாவு நடந்த வீட்டில் மூன்று மணி நேரம் நின்று எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு, அப்புறம் நம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்ப்பது எப்படி என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

பணியின் கடைசிப் பகுதியில், மனசு கனத்துப்போன சக போலீஸ்காரர்கள் வந்து பேசுகிற ஆளாக நான் இருந்தேன். வந்தவர்களில் பெரும்பாலானோர் தாமதமாகத்தான் வந்தார்கள். பிரச்சினை தொடங்கி நாலைந்து வருடம் ஆகியிருக்கும். அந்த நிலையில் நல்ல டாக்டரைத் தேடுவது, வீட்டில் சொல்வது, லீவ் கேட்பது என்று ஒவ்வொன்றும் மலையைத் தூக்குகிற மாதிரி. தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். நன்றாக இருக்கிற இப்போதே, முதல் வருடத்திலேயே, வேண்டியதை எல்லாம் ஏற்பாடு செய்துவைத்துக்கொள்ளுங்கள். என்னென்ன என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: ஒரு தாள் எழுதுங்கள்

இது சேர்ந்த வாரமே செய்ய வேண்டியது. இன்றைய உங்களைப் பற்றி ஒரு வெள்ளைத் தாளில் எழுதுங்கள். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், படுத்து எவ்வளவு நேரத்தில் தூக்கம் வருகிறது, நடுவில் விழிப்பு வருமா. வாரத்தில் யார் யாருடன் போனில் பேசுகிறீர்கள். எதற்குச் சிரிப்பு வரும். வீட்டில் எதற்குக் கோபம் வரும், வந்தால் எவ்வளவு நேரத்தில் ஆறும். குடிக்கிற பழக்கம் உண்டா, உண்டென்றால் எவ்வளவு. விளையாட்டு, பாட்டு, வாசிப்பு என்று வேலைக்குச் சம்பந்தமே இல்லாமல் நீங்கள் விரும்பிச் செய்வது என்ன. கீழே தேதி போடுங்கள்.

எழுதிய தாளை உங்களோடு ஒரே வீட்டில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். அம்மாவோ, கணவரோ, மனைவியோ, அறை நண்பரோ யாராக இருந்தாலும் சரி. "ஆறு மாசத்துக்கு ஒரு தடவை இதை எடுத்துப் பார். இதில் இருக்கிற ஆள் மாறியிருந்தால் என்னிடம் சொல். நான் எரிந்து விழுந்தாலும் சொல்" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் இப்படி? இந்த வேலை ஆளை ஒரே நாளில் மாற்றாது. டியூட்டியில் இருக்கும்போது எதிரில் வருபவரின் முகத்தைவிடக் கையைப் பார்க்கப் பழகுகிறோம். அறைக்குள் நுழைந்ததும் வெளியே போகும் வழி எது என்று கண் தேடும். முதுகு சுவர்ப் பக்கம் இருந்தால்தான் உட்காரத் தோன்றும். உயிரைக் காக்கிற பழக்கம் இது, தப்பே இல்லை. ஆனால் ஆபத்து நேரத்தில் சுரக்கும் அட்ரினலின், கார்டிசோல் என்ற ஹார்மோன்கள் மணிக்கணக்கில் உடம்பில் ஓடினால் அந்த ஏற்றத்துக்கு ஒரு இறக்கம் உண்டு. வீட்டுக்கு வந்ததும் பேச்சு வராது, கேள்வி கேட்டால் எரிச்சல் வரும், சோபாவில் சாய்ந்து போனையே பார்த்துக்கொண்டிருப்போம். அதனால் ஸ்டேஷன் ஆட்களுக்கு நம்முடைய சுறுசுறுப்பும் வீட்டுக்காரர்களுக்கு நம்முடைய சக்கையும் கிடைக்கிறது. இரண்டு மூன்று வருடத்தில் அதுவே நம் சுபாவம் என்று நாமும் நம்பிவிடுவோம். "நீ இப்படி இருந்ததில்லை" என்று சொல்ல அந்தத் தாள் வேண்டும்.

தூக்கம்: இதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்

மனநலம் என்று ஆரம்பித்துவிட்டுத் தூக்கத்தைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்க வேண்டாம். என்னிடம் வந்தவர்களில் தூக்கம் ஒழுங்காக இருந்தவர் என்று ஒருவர்கூட எனக்கு ஞாபகத்தில் இல்லை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகின்றன என்று 1990களின் இறுதியிலும் 2000த்திலும் நடந்த சோதனைகள் காட்டின. 24 மணி நேரம் ஆனால் அது ஏறக்குறைய 0.10. பல நாடுகளில் 0.05 இருந்தாலே வண்டி ஓட்டக் கூடாது. நாமோ டபுள் டியூட்டி முடித்து அதே நிலையில் ஜீப்பை ஓட்டுகிறோம், கையில் ஆயுதம் வைத்திருக்கிறோம், ஒருவரைக் கைது செய்வதா விடுவதா என்று முடிவும் எடுக்கிறோம்.

அமெரிக்காவின் பஃபலோ நகரப் போலீஸாரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்த ஆய்வு ஒன்று உண்டு. நைட் டியூட்டியோடு குறைந்த தூக்கமோ ஓவர்டைமோ சேர்ந்தவர்களிடம் இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவை சேர்ந்து கெடும் நிலை கூடுதலாக இருந்ததை அது கண்டது. மனசும் உடம்பும் ஒரே கணக்குப் புத்தகத்தில்தான் எழுதப்படுகின்றன.

நைட் டியூட்டி வாரத்தில் செய்ய வேண்டியது இது. டியூட்டிக்குப் போகும் முன் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டுப் போங்கள். காபி, டீ எல்லாம் டியூட்டியின் முதல் பாதியோடு நிற்கட்டும். குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே 5 மணி நேரம் போல ஆகும். அதிகாலை 4 மணிக்குக் குடித்தது 9 மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். ரோந்து வண்டியில் இருவர் இருந்தால், நிலைமையும் விதியும் இடம் கொடுக்கிற நேரத்தில் முறை வைத்து 20 நிமிடம் கண் அயரலாம். அதற்கு மேல் போனால் எழுந்ததும் தலை மந்தமாகிவிடும்.

காலையில் வீட்டுக்கு வந்ததும் போனைத் திறக்காமல் நேராகப் படுக்கைக்குப் போங்கள். ஜன்னலுக்குக் கனமான துணி போடுங்கள், அறை இருட்டாக இருக்கட்டும். கூட இருப்பவர்களிடம் எத்தனை மணி வரை எழுப்பக் கூடாது என்று தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னது நிற்காது, இது என் அனுபவம். வாரம் முழுக்க ஏதாவது நாலு மணி நேரத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. உதாரணமாக, அந்த வாரத்தில் எந்த நாளானாலும் காலை 8 முதல் 12 வரை தூக்கம் என்று.

தூக்கம் வர ஒரு பெக் என்று தொடங்குபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மது சீக்கிரம் தூங்கவைக்கும், உண்மைதான். ஆனால் பின்பாதித் தூக்கத்தைக் கிழித்துவிடும், கனவு காணும் தூக்கத்தைக் குறைத்துவிடும். அன்றாடம் பார்த்ததை மனசு ஓரளவு அடுக்கிவைப்பது அந்தத் தூக்கத்தில்தான். தூக்கமின்மை வாரத்தில் மூன்று நாள் வீதம் மூன்று மாதம் நீடித்தால் டாக்டரிடம் போங்கள். மாத்திரைக்கு முன்னால் தூக்கத்துக்கென்றே உள்ள நடத்தை சிகிச்சை ஒன்று இருக்கிறது. அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016இல் அதைத்தான் முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது. அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சை.

ஸ்டேஷனிலிருந்து வீடு வரை

இது சின்ன விஷயம், ஆனால் விடாதீர்கள். டியூட்டி முடிந்ததை உடம்புக்குத் தெரிவிக்க ஒரு செயல் வேண்டும். சிலர் ஸ்டேஷனிலேயே சீருடையை மாற்றிவிடுவார்கள். சிலர் இரண்டு தெரு நடப்பார்கள். நான் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்திச் சாவியைத் திருகுவேன். சூடான இன்ஜின் ஆறும்போது டிக், டிக் என்று சத்தம் போடும். முதலில் அடுக்கடுக்காக வரும், அப்புறம் இடைவெளி விட்டு வரும். அது நிற்கும் வரை வண்டியிலேயே உட்கார்ந்திருப்பேன். மூச்சை நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவேன். வெளியே விடும் மூச்சு நீளமானால் இதயத் துடிப்பு இறங்கும். பத்து நிமிடம்கூட ஆகாது. என் மகள் இதைப் புரிந்துகொண்டு, சத்தம் நின்ற பிறகுதான் கதவைத் திறப்பாள்.

வீட்டில் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்ற குழப்பம் எல்லாருக்கும் உண்டு. ரத்தமும் சதையுமாக விவரம் சொல்ல வேண்டியதில்லை. "ஒன்றுமில்லை" என்றும் சொல்லாதீர்கள். ஏதோ நடந்தது என்று அவர்களுக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஒன்றுமில்லை என்றால், தன் மேல்தான் கோபம் என்று எடுத்துக்கொள்வார்கள். "இன்றைக்கு ஒரு கெட்ட கேஸ். உன் மேல் ஒன்றும் இல்லை. அரை மணி நேரம் விடு, வந்து பேசுகிறேன்" என்றால் போதும். சொன்னபடி அரை மணி நேரத்தில் போய் உட்கார்ந்துவிடுங்கள்.

முதல் கெட்ட கேஸ் வரும்போது

அது வரும். விபத்தோ, குழந்தையின் சாவோ, கண்ணெதிரே கத்திக்குத்தோ, உங்களாலேயே ஒருவர் காயப்படுவதோ. எனக்கு வந்தது ஒரு சாலை விபத்து. என் வேலை மிகச் சின்னது: இரும்பு அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடிப்பது. கவிழ்ந்த வண்டிக்கும் ஒரு பள்ளிக்கூடப் புத்தகப் பைக்கும் எத்தனை மீட்டர், புத்தகப் பைக்கும் சாலை ஓரத்துக்கும் எத்தனை மீட்டர். அளந்தோம், வரைபடம் போட்டோம், முடித்தோம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நினைத்தேன். மூன்று வாரம் கழித்து அலமாரி அடிக்க வீட்டுக்கு ஒரு தச்சர் வந்தார். சுவரை அளந்துவிட்டு நாடாவை விட்டார். சர்ரென்று உள்ளே போய் டப்பென்று நின்றது. எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. நெஞ்சு அடித்துக்கொண்டது. காரணமே தெரியாமல் மொட்டை மாடிக்கு ஏறிப் போய் நின்றேன். அந்த டப் சத்தத்துக்கும் அந்தப் புத்தகப் பைக்கும் உள்ள தொடர்பு எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

உங்களுக்கு ஒரு வருடம் ஆக வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். சத்தம், வாசனை, ஒரு நிறம், இப்படி எதிலிருந்தும் அந்த நாள் திரும்பி வரலாம். பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயப்படாதீர்கள். ஆபத்தை ஞாபகம் வைத்துக்கொள்வது மூளையின் வேலை, அது கொஞ்சம் அதிகமாகச் செய்கிறது, அவ்வளவுதான்.

சம்பவத்துக்குப் பிறகு முதல் மூன்று நாள் தனியாக இருக்காதீர்கள். பசிக்காவிட்டாலும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள், நடங்கள். குடி வேண்டாம், சும்மா ஒரு பெக்கும் வேண்டாம். அந்தச் சம்பவத்தின் வீடியோவோ படமோ போனில் வந்தால் திறக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். நீதிமன்றத்துக்கு வேண்டியதைப் பணியாக எழுதிவிடுங்கள், வீட்டில் மறுபடி மறுபடி தலைக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

பேச வேண்டுமா? பேசத் தோன்றினால் பேசுங்கள். தோன்றாவிட்டால் யாரும் கட்டாயப்படுத்த விடாதீர்கள். 1983இல் ஜெஃப்ரி மிட்செல் என்பவர் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்காக ஒரு முறையைக் கொண்டுவந்தார். சம்பவத்துக்குப் பிறகு சில நாட்களுக்குள் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து நடந்ததைப் பேசவைப்பது. உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் பின்னால் வந்த மருத்துவ ஆய்வுத் தொகுப்புகள், ஒரே தடவை உட்காரவைத்துப் பேசச் சொல்வது பிற்கால பாதிப்பைத் தடுப்பதாக ஆதாரம் இல்லை என்றன. சிலருக்கு அது கெடுதலாகவும் போகலாம். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்வது எளிமையானது: பார், கேள், இணை. என்ன தேவை என்று பார், சொன்னால் கேள், உதவி செய்யக்கூடியவரோடு இணைத்துவிடு. தோழர் ஒருவருக்கு அடிபட்ட நாளில் நீங்கள் செய்ய வேண்டியதும் இதுவே.

அப்புறம் ஒரு கணக்கு. சம்பவ நாளிலிருந்து நாலு வாரத்தை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். கெட்ட கனவு, திடுக்கிடல், தூக்கமின்மை பெரும்பாலானவர்களுக்கு அதற்குள் தானாகவே தணியும். தணிந்துகொண்டு வருகிறதா, ஏறுகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

ஸ்டேஷனுக்குள்ளிருந்து வரும் வலி

வெளியாட்கள் இதை எதிர்பார்க்க மாட்டார்கள். திருடனும் கலவரமும்தான் போலீஸ்காரனின் மனசை வதைக்கும் என்று நினைப்பார்கள். கனடா ஆய்வாளர்களான மெக்ரியரியும் தாம்ப்சனும் 2006இல் போலீஸ் மன அழுத்தத்தை அளக்கக் கேள்விப் பட்டியல் ஒன்றை உருவாக்கியபோது அதை இரண்டாகப் பிரித்தார்கள். களப்பணியால் வருவதற்கு 20 கேள்வி, நிர்வாகத்தால் வருவதற்கு 20 கேள்வி. சரி பாதி. என் அனுபவமும் அதுதான். பிணத்தைப் பார்த்ததைச் சொல்லும்போது அழாத ஆட்கள், அப்பாவின் கடைசி நாட்களுக்கு லீவ் கிடைக்காததைச் சொல்லும்போது உடைந்து அழுதிருக்கிறார்கள்.

இதை முழுக்கச் சரிசெய்வது உங்கள் கையில் இல்லை, நிர்வாகம்தான் செய்ய வேண்டும். நான் அதை மேலே உள்ளவர்களிடம் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். உங்கள் கையில் இருப்பது கொஞ்சம்: லீவைக் கடைசி நேரத்தில் வாயால் கேட்காமல் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் துறையின் லீவ் விதிகளை ஒரு தடவை முழுக்கப் படியுங்கள். உயரதிகாரி எல்லார் முன்னிலையிலும் திட்டினால் அன்று இரவே பதில் எழுதாதீர்கள், தேதி நேரத்தோடு குறித்துமட்டும் வையுங்கள். பெண் போலீஸாருக்கு இதற்கு மேலும் உண்டு. பந்தோபஸ்து இடத்தில் கழிப்பறை இல்லாததற்காகத் தண்ணீரே குடிக்காமல் நாள் முழுக்க நிற்பவர்கள், சக ஊழியரின் பேச்சாலும் பார்வையாலும் கூசிப்போகிறவர்கள். தங்கச்சி, அதைச் சகித்துக்கொள்வது வேலையின் பகுதி இல்லை. முதல் வாரத்திலேயே புகார்க் குழு எங்கே இருக்கிறது, யார் உறுப்பினர் என்று தெரிந்துகொள்.

இன்னொரு வலியும் உண்டு. தப்பு என்று மனசு சொன்னதைச் செய்தது, அல்லது காப்பாற்றியிருக்க வேண்டியவரைக் காப்பாற்ற முடியாமல் போனது. வியட்நாம் போர் வீரர்களுக்கு சிகிச்சை அளித்த ஜோனதன் ஷே என்ற மனநல மருத்துவர் 1990களில் இதற்கு அறக்காயம் என்ற பொருளில் பெயர் வைத்தார். இதில் பயத்தைவிடக் குற்ற உணர்வும் வெட்கமும்தான் தூக்கலாக இருக்கும். ஓய்வாலும் மூச்சுப் பயிற்சியாலும் இது ஆறாது. நம்பகமான ஒருவரிடம் முழுக்கச் சொல்ல வேண்டும், முடிந்தால் சரிசெய்ய வேண்டும்.

யாரிடம் பேசுவது, பேசும் முன் என்ன கேட்பது

மூன்று பெயர்களை இப்போதே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, இந்த வேலை தெரிந்த ஒரு மூத்தவர், உங்கள் நேரடி மேலதிகாரி அல்லாதவர். இரண்டு, போலீஸ் வேலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பழைய நண்பர். சேர்ந்த இரண்டு வருடத்தில் நம் நண்பர்கள் எல்லாருமே போலீஸாகிவிடுவார்கள், அதை அனுமதிக்காதீர்கள். மூன்று, ஒரு மனநல மருத்துவர் அல்லது உளவியல் ஆலோசகர். உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒரு தடவை போய் அறிமுகம் செய்துகொண்டு வந்துவிடுங்கள். பல் டாக்டரிடம் வருடத்துக்கு ஒரு முறை காட்டுவதைப் போலத்தான்.

எல்லாருக்கும் இருக்கும் பயம்: சொன்னால் வெளியே போய்விடுமா, துப்பாக்கியை வாங்கிவிடுவார்களா, பதவி உயர்வு போகுமா? நியாயமான பயம். அதனால் முதல் சந்திப்பில், கதையைத் தொடங்கும் முன்பே நேரடியாகக் கேளுங்கள். நான் சொல்வது எங்கே பதிவாகும்? அதை யார் பார்க்க முடியும்? உங்களுக்குச் சம்பளம் தருவது என் துறையா? எந்தச் சூழ்நிலையில் நீங்கள் அடுத்தவரிடம் சொல்லியே ஆக வேண்டும்? நல்ல ஆலோசகர் நான்காவது கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்வார். பெரும்பாலும் உங்கள் உயிருக்கோ அடுத்தவர் உயிருக்கோ உடனடி ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை, நீதிமன்ற உத்தரவு, இவைதான் விதிவிலக்கு. மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஒரு வித்தியாசத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். துறை உங்களைப் பணிக்குத் தகுதியா என்று பார்க்க அனுப்பும் பரிசோதனை வேறு, நீங்களாகப் போகும் சிகிச்சை வேறு. முதலாவதில் அறிக்கை துறைக்குப் போகும். இரண்டையும் குழப்பிக்கொண்டு சிகிச்சையே வேண்டாம் என்று இருந்துவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

டாக்டரிடம் போக வேண்டிய நேரம்

ஒரு மாதம் தாண்டியும் சம்பவம் நினைவிலும் கனவிலும் வந்துகொண்டே இருந்தால், அந்தத் தெருவையோ பேச்சையோ தவிர்த்துச் சுற்றினால், யார் மீதும் நம்பிக்கையும் பாசமும் இல்லாமல் மரத்துப்போனால், எப்போதும் திடுக்கிட்டுக்கொண்டும் எரிந்து விழுந்துகொண்டும் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். இந்த நாலும் சேர்ந்த நோய்க்கு, அதாவது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய்க்கு, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1980இல்தான் முறையாக இடம் கிடைத்தது. அதற்கு முன் வாழ்ந்தவர்கள் கோழை என்ற பெயரோடு போய்ச் சேர்ந்தார்கள். இன்று அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. அதிர்ச்சி நினைவை மையமாக வைத்த பேச்சு சிகிச்சைகள், கண்ணசைவோடு நினைவைக் கையாளும் சிகிச்சை, தேவைப்பட்டால் மாத்திரை. பேச்சு சிகிச்சை பொதுவாகச் சில மாதங்களில் முடியும், வாழ்நாள் முழுக்க ஓடாது. மருந்துக் கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவது மட்டும் கூடவே கூடாது.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால்

இதை மெதுவாகப் படியுங்கள். அந்த எண்ணம் வந்தால் அது உங்கள் குணத்தின் குறை இல்லை, வலி தாங்கும் அளவைத் தாண்டிவிட்டதன் அடையாளம். அந்த எண்ணம் அலை மாதிரி. உச்சத்துக்கு ஏறி இறங்கும், பல சமயம் சில மணி நேரத்திலேயே இறங்கிவிடும். அந்த நேரத்தைக் கடக்கும் வரை ஆயுதம் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். இஸ்ரேல் ராணுவம் 2006இல் வார விடுமுறைக்குப் போகும் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று மாற்றியது. தற்கொலைகள் சுமார் 40 சதவீதம் குறைந்தன. அதனால் உங்கள் துப்பாக்கி டியூட்டி முடிந்ததும் ஆயுத அறையில் இருக்கட்டும், இன்றிலிருந்தே பழக்கமாக்குங்கள். கெட்ட நாளில் மட்டும் ஒப்படைக்கப் போனால் எல்லாரும் பார்ப்பார்கள் என்று தயக்கம் வரும். தினமும் செய்பவருக்கு அந்தத் தயக்கம் இல்லை.

எண்ணம் வந்த அன்று, எழுதிவைத்த மூன்று பேரில் ஒருவருக்கு போன் செய்து, "என்னைத் தனியாக விடாதீங்க" என்று சொல்லுங்கள். விளக்கம் சொல்ல வேண்டாம், இந்த ஒரு வரி போதும். உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையும் அவசர எண்ணையும் இப்போதே போனில் சேமித்துவையுங்கள்.

கூட வேலை செய்பவர் மேல் சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வராது. பெரும்பாலும் ஒரு பெருமூச்சுதான் வரும், யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த மாதிரி. ஆமாம் என்றால் அவர் ஆயுதத்தை ஒப்படைக்கக் கூடவே போங்கள், உதவிக்கு ஆள் வரும் வரை பக்கத்தை விட்டு நகராதீர்கள். ரகசியமாக வைத்திரு என்று கெஞ்சினால் அந்த ஒரு வாக்கை மட்டும் கொடுக்காதீர்கள்.

இதெல்லாம் பலன் தருமா என்று கேட்பவர்களுக்கு கனடாவின் மான்ட்ரியல் நகரப் போலீஸைக் காட்டுவேன். அங்கே 1997இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். எல்லாப் போலீஸாருக்கும் அரைநாள் பயிற்சி, மேலதிகாரிகளுக்கு முழுநாள் பயிற்சி, போலீஸாருக்கென்றே தொலைபேசி உதவி, உதவி கேட்பது தப்பில்லை என்று ஸ்டேஷன் முழுக்கப் பிரசாரம். அடுத்த 12 ஆண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் 79 சதவீதம் குறைந்தது. அந்த நகரம் இருக்கும் கியூபெக் மாகாணத்தின் மற்றப் போலீஸ் படைகளில் அப்படி ஒரு குறைவு இல்லை. வேலையும் அதே வேலை, தெருக்களும் அதே மாதிரித் தெருக்கள்தான்.

லீவ் முடிந்து திரும்பும்போது

சிகிச்சைக்காக லீவில் போனவர் திரும்பும் நாளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால் சொல்கிறேன். திரும்பும் முன் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: நான் சாப்பிடும் மாத்திரையோடு வண்டி ஓட்டலாமா, நைட் டியூட்டி பார்க்கலாமா, ஆயுதம் எடுக்கலாமா. பதிலை எழுத்தில் வாங்குங்கள். முதல் சில வாரம் பகல் டியூட்டி கேளுங்கள். எங்கே போயிருந்தாய் என்று கேட்பவர்களுக்கு ஒரே வரிப் பதிலை வீட்டிலேயே தயார் செய்துகொள்ளுங்கள். "உடம்பு சரியில்லை, இப்போது பரவாயில்லை" போதும். விவரம் யாருக்குச் சொல்வது என்பது உங்கள் விருப்பம்.

கூட இருப்பவர்களும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். எங்களோடு இருந்த ஒருவர் இரண்டு மாதம் கழித்துத் திரும்பினார். எல்லாரும் நல்ல மனசோடுதான் நடந்துகொண்டோம். வேலையே கொடுக்கவில்லை, நாற்காலியில் உட்காரவைத்தோம், சத்தமாகப் பேசவில்லை. சாயங்காலம் என்னிடம் வந்து, "எல்லாரும் கண்ணாடிப் பாத்திரத்தைத் தொடுற மாதிரித் தொடுறீங்கண்ணே" என்றார். மறுநாள் அவரை என்னோடு சம்மன் கொடுக்கக் கூட்டிப் போனேன். இரண்டு சம்மன் கொடுத்தோம். அப்புறம் வண்டி நிறுத்துவதில் இரண்டு வீட்டுக்காரர்களுக்குள் தகராறு, ஒன்றரை மணி நேரம் பஞ்சாயத்து. இரண்டு தரப்பையும் கேட்டு எழுதியது அவர்தான். பழைய மாதிரியே கோடு போட்ட மாதிரிக் கையெழுத்து. திரும்பி வரும் வழியில், "நாளைக்கு எந்தப் பக்கம்ணே?" என்று கேட்டார்.